நிழல் பட்டால் மூடும்

நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்கிறார் வீட்டுக்காரர். காலையிலிருந்து அதே பாட்டு. நல்லதுக்காம், நல்லதுக்கு! குணவதிக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. கூடத்துச் சுவரோரம் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் மடிக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர் கொண்டுவந்து வைத்த டீ ஆறி, ஆடை கட்டி, ஈ உட்காரக் காத்திருக்கிறது. கிடக்கட்டும். தொட்டிக்குள் கடல் தண்ணி, பாறை, இரண்டு கோமாளி மீன், நடுப்பாறையில் ஒட்டிக்கொண்டு அவளுடைய சிப்பி. ராட்சதச் சிப்பி என்று அந்தச் சாதிக்குப் பேர். பேர்தான் ராட்சதம், இருப்பதென்னவோ அவள் உள்ளங்கையை விரித்தால் அவ்வளவுதான். போன வாரம் அவள் பினாங்குக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்றைக்குக்கூட நீல உதட்டை அலையலையாக வெளியே விரித்து, விளக்கு வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு, சீமாட்டிபோல உட்கார்ந்திருந்தது. இப்போது அந்த உதடு சுருண்டு ஓட்டுக்குள் போய்விட்டது. ஓடு இரண்டும் பப்பரப்பா என்று பிளந்து கிடக்கின்றன. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி உண்டு. விளக்குக்கும் அதற்கும் நடுவில் கையை நீட்டினால் போதும். நிழல் பட்டால் சிப்பி மூடிக்கொள்ளும். படாரென்று மூடும், தண்ணியே தெறிக்கும். போனில் ஜமாலுதீன் சொல்லியிருந்தான்: "நிழலுக்கு மூடலேன்னா ஒரு தடவ தொட்டுப் பாருங்கக்கா. தொட்டும் மூடலேன்னா... சரி, நான் அஸர் தொழுதுட்டு வந்துர்றேன், வந்து பேசிக்கலாம்." அவனும் சிப்பி வளர்க்கிறவன், இதே சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் நாலு தொட்டி வைத்திருக்கிறான், வாளியோடு வந்து இதைத் தன் நல்ல தண்ணிக்குக் கொண்டுபோகிறேன் என்றிருக்கிறான். உயிர் இருந்தால். அந்த 'இருந்தால்'தான் குணவதியைக் கட்டிப்போட்டிருக்கிறது. கையை நீட்டிப் பார்க்க வேண்டியதுதானே? நீட்ட முடியவில்லை. நீட்டி, அது மூடாமல் போனால் தெரிந்துபோகும். தெரியாமல் இருக்கிறவரைக்கும் இருக்கிறது. இப்படி யோசிக்கிறது அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இத்தனை வருஷமாக அளந்து ஊற்றியே பிழைப்பு நடத்துகிறவள் பிள்ளைகளுக்குச் சொல்வதே அதுதான், ஊகிக்காதே, சோதிச்சுப் பாரு. சொல்வது சுலபம். அவள் கையை இன்னும் இறுக்கமாக மடியில் அழுத்திக்கொண்டாள்.

அந்தக் குடம் இன்னும் அடுக்களை மேடையில்தான் இருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே அது மினுக்குவது அவளுக்குத் தெரிகிறது. புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம். போன தீபாவளிக்குப் பிறகு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினதைப் பார்த்துவிட்டு, செம்பில் ராத்திரி முழுக்க ஊறின தண்ணி குடித்தால் மூட்டுவலி போகும், ரத்தம் சுத்தமாகும் என்று தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ச் சுமந்துவந்தார் வீரசேகரன். கல்யாணமானதிலிருந்து ஒரு கரண்டி கழுவினதில்லை, குடத்தை மட்டும் தினம் தேய்க்கிறார். தேய்க்கட்டும், குடிக்கட்டும், அவர் ரத்தம், அவர் மூட்டு. ஆனால் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாளே! தொட்டித் தண்ணி தினம் ஆவியாகிக் குறையும், குறைகிற அளவுக்கு அந்த நீலக் கேனில் வடிகட்டி வைத்திருக்கிற தண்ணியை ஊற்றுங்க, வேற எதையும் செய்யாதீங்க, சாப்பாடு போட வேணாம், கண்ணாடி துடைக்க வேணாம், தண்ணி மட்டும். கைக்குழந்தையை விட்டுப்போகிறவள்கூட இத்தனை தடவை சொல்லமாட்டாள். தலையைத் தலையை ஆட்டினார். போய் இறங்கின அன்றைக்கே போன் போட்டு, ஊத்துனீங்களா என்று கேட்டாள். ஊத்துனேன் ஊத்துனேன், நீ கல்யாணத்தப் பாரு என்றார். ஊற்றத்தான் ஊற்றியிருக்கிறார், பொய்யில்லை. நீலக் கேனில் இருந்துதான் எடுத்திருக்கிறார். எடுத்ததை நேரே ஊற்றினால் என்ன? குடத்தில் ஊற்றி, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் குளித்து முழுகிவிட்டு, பூஜை மாதிரி... நேற்றுச் சாயங்காலம் அவள் பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டிமுன் போய் நின்று, ஐயோ இதென்ன என்று பதறி, உப்பைச் சோதித்து, சுண்ணாம்புச் சத்தைச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கவும் குழம்பிப்போய் ஜமாலுதீனைக் கூப்பிட்டபோது, அவன், "அக்கா, வீட்ல செம்புல எதாச்சும் பொழங்குறீங்களா?" என்று கேட்டான். அவள் கண் தானாகவே அடுக்களைப் பக்கம் போயிற்று. செம்பை மீன் கொஞ்சம் தாங்கும். சிப்பிக்கு விஷம். துளி கலந்தாலே போதும். "ஆமா, அதுலதான் ஊறவெச்சு ஊத்துனேன்," என்றார் வீரசேகரன், முகமெல்லாம் பூரிப்பாக, இவள் கேட்பதற்கே காத்திருந்ததுபோல. "உன் கேன் தண்ணி செத்த தண்ணி குணா. எல்லாத்தையும் வடிகட்டி எடுத்துட்டா அதுல என்ன சத்து இருக்கும்? பாவம் அது வாயில்லா ஜீவன். அதான் கொஞ்சம் உயிரேத்தி ஊத்துனேன்." உயிரேத்தி! அந்தத் தண்ணி செத்துத்தான் இருக்கணும், அதற்குத்தானே அதை வடிகட்டுகிறேன் என்று கத்த வாய் திறந்து, சத்தம் வராமல் நின்றாள். இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பாதித் தண்ணியை இறைத்து மாற்றி, செம்பை உறிஞ்சும் கரிப்பையைக் கட்டித் தொங்கவிட்டு, இதோ உட்கார்ந்திருக்கிறாள். தப்பு என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது வாஸ்தவம். பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தில்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அடித்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்கிறவனைத் திட்டலாம். அன்பாக அடித்தேன் என்கிறவனை என்ன செய்வது?

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள், வறட்சிக்கு. குடித்ததும் மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. கருப்பட்டி. அவளுக்குக் கருப்பட்டி பிடிக்காது. கல்யாணமான புதுசில் ஒருதரம் சொன்னாள், எனக்கு வெள்ளைச் சர்க்கரைதான் ருசி என்று. உடம்புக்கு நல்லதில்லை என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அவர் கையால் போட்ட ஒரு டீயும் அவள் வாய்க்குப் பிடித்ததாக இருந்ததில்லை, அவளும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பெரிசாக என்ன கொடுமை செய்துவிட்டார்? குடிக்கிற மனுஷனில்லை, கை நீட்டினதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். அவளுடைய தங்கச்சி கல்யாண வீட்டிலேயே சொன்னாளே, "அத்தான் மாதிரி ஒரு ஆளு கெடைக்குமா, ஒன்ன உள்ளங்கையில வெச்சுத் தாங்குறாரு." தாங்குறார், தாங்குறார். உள்ளங்கையில் வைத்தால் விரலை மடக்கத்தானே தோன்றும். நாற்பது வயசில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனாள், குளத்துத் தண்ணி அவளுக்கு மூக்கடைப்பு உண்டாக்குகிறது என்று அவரே போய்ப் பேரை அடித்துவிட்டு வந்தார். வந்து சொன்னார், சந்தோஷமாக, கையில் பழப்பையோடு. அவள் அப்போதுதான் மிதக்கக் கற்றிருந்தாள். மல்லாந்து, காது தண்ணிக்குள் போக, மேலே கூரை விளக்கு மட்டும் தெரிய, யாருக்கும் எதுவும் இல்லாமல் மிதப்பது. அதற்கப்புறம் இரண்டு மூன்று ராத்திரி படுக்கையில் கையை விரித்து வைத்துப் பார்த்தாள், வரவில்லை. கல்லூரி ஆய்வகத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி மேலிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் எடுத்துப் பேசி, அவளுக்கு அலைச்சல் ஒத்துக்காது என்று முடித்துவைத்துவிட்டார். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருகிறாள், வேலை வந்து போயே போய்விட்டது. என்ன சொன்னாள் அன்றைக்கு? யோசித்துப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றாள். சரிங்க. அந்தச் 'சரிங்க' இப்போது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அன்றைக்கே காறித் துப்பியிருக்க வேண்டும். ஆனால் யார்மேல்? எதிரே நிற்பவர் முகத்தில் அவ்வளவு அக்கறை.

சிப்பியை முதன்முதலில் பார்த்தது ஒரு தீவில். தண்ணி வற்றின நேரம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றிலும் பாறையிலும் தடவித் தடவி நடந்தார்கள். கணுக்கால் ஆழத் தண்ணிக்குள் ஒன்று, நீலமும் பச்சையுமாக வாய் விரித்துக் கிடந்தது. தலைமையாசிரியர், பெரிய மனுஷர், தொப்பியும் கண்ணாடியுமாகக் குனிந்தார். குனிந்ததுதான் தாமதம், அவர் நிழல் பட்டுப் படாரென்று மூடி, உள்ளே இருந்த தண்ணி அத்தனையையும் அவர் மூஞ்சியில் பீச்சியது. பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். குணவதி சிரிக்கவில்லை. அசந்துபோய் நின்றாள். என்ன திமிர்! தலை கிடையாது, காலு கிடையாது, ஓட முடியாது, கடிக்க முடியாது, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் பூரா ஒரே இடத்தில் கிடக்கிறது. ஆனாலும் இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை, மூடு கடையை. தலைமையாசிரியராவது மண்ணாங்கட்டியாவது. பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பிறகு எத்தனை நாள் படித்து, எத்தனை பேரைக் கேட்டு, தொட்டி வாங்கி, சிப்பி தாங்குகிற பதம் வரும்வரை மாசக்கணக்கில் தண்ணியைப் பழுக்கவிட்டு, பண்ணையில் வளர்ந்த குஞ்சுச் சிப்பி ஒன்றைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்து எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்தாள். வீரசேகரன் தடுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். உனக்குப் பொழுதுபோக்கா இருக்கட்டும் என்றார். பொழுதுபோக்கு! வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை அவள் சொன்னபடி, அவள் அளந்தபடி, யாருடைய நல்லதும் கலக்காமல் நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னால் வந்து, தொட்டிக்கு மேலே கையை ஓட்டுவாள். படார். இருக்கேன், போடி என்பதுபோல. அதைக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும். அந்தச் சத்தம் இல்லாமல் இன்று விடிந்து, மத்தியானமாகி, வெயில் சாய்ந்தும்விட்டது.

அடுக்களையில் அவர் தன் அக்காவோடு போனில் பேசுகிறார். மெதுவாகப் பேசுவதாக நினைப்பு. "என்னத்தச் சொல்றது போங்க. ஒரு சிப்பிக்காக மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. நேத்து ராத்திரில இருந்து சாப்புடல. இல்லக்கா, சண்டையெல்லாம் போடல, அவ என்னைக்குச் சண்ட போட்டிருக்கா. வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன். இதவிடப் பெருசா." வேற ஒண்ணு. இதைவிடப் பெரிசா. குணவதி பல்லைக் கடித்தாள், தாடை வலித்தது. எழுந்துபோய் அந்தக் குடத்தை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன? பதினோராவது மாடி, கீழே எவன் தலையிலாவது விழும், போலீஸ் வரும். அந்த எண்ணத்தில் ஒரு நொடி குளிர்ச்சி இருந்தது, போலீஸ்காரரிடம் ஆமாம் நான்தான் எறிந்தேன் என்று கையை நீட்டுவதுவரை யோசித்தாள். அப்புறம் அதுவும் அடங்கியது. அவள் என்னைக்குச் சண்டை போட்டிருக்கிறாள். வாஸ்தவம். அவர் வரட்டும், வந்து எதிரே நிற்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்று வாக்கியத்தைக் கோத்துப் பார்த்தாள். என் பொருளத் தொடாதீங்க. இல்லை, பொருள் என்றால் வேறு வாங்கித் தருகிறேன் என்பார். நான் சொன்னத மட்டும் செஞ்சிருந்தா போதுமே. இல்லை, அதற்கும் பதில் இருக்கிறது, நல்லதுக்குத்தானே. எந்தப் பக்கம் போனாலும் அங்கே அந்தச் சொல் வந்து குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. தொட்டிக்குள் கோமாளி மீன் இரண்டும் சிப்பிப் பக்கமே போகாமல் மூலையில் நின்றன. அதுகளுக்குத் தெரிந்திருக்குமோ? செத்தது கிட்டே மீன் போகுமா போகாதா? தண்ணி நாறுகிறதா என்று மூக்கை உறிஞ்சினாள். கடல் வாசனைதான். இல்லை, அடியில் லேசாக வேறு ஏதோ. இல்லை, அது டீ. கீழே பயம் கிடந்தது. மேலே கோபம் கொதித்தது. கோபத்தை விட்டுவிட்டால் பயம் மேலே வந்துவிடும் என்று கோபத்தையே ஊதி ஊதி எரிய வைத்துக்கொண்டிருந்தாள். ஓடு பிளந்த இடத்தில் ஏதோ அசைந்தது மாதிரி இருந்தது. தண்ணியின் அசைவா, சதையின் அசைவா? கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள், அவள் மூச்சே கண்ணாடியில் படிந்து மறைத்தது. துடைக்கக் கையைத் தூக்கி, நிழல் விழுந்துவிடுமோ என்று பாதியில் இறக்கினாள்.

பேச்சு முடிந்து அவர் கூடத்துக்கு வருவது காலடியில் தெரிந்தது. வந்து பின்னால் நின்றார். டீ குடிக்காமல் மிச்சம் கிடப்பதைப் பார்த்திருப்பார். பெருமூச்சு விட்டார். "குணா, ஒரு வாய் சாப்டும்மா. அது சரியாயிரும்." அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரு, நான் பாக்குறேன்," என்று அவளைச் சுற்றிக்கொண்டு தொட்டிப் பக்கவாட்டுக்கு வந்து, அவள் வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள், விளக்குக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்துத் தண்ணிக்கு மேலே குனிந்தார். அவருடைய நிழல் பாறைமேல் இறங்கி, சிப்பியை முழுசாக மூடியது. ஒன்றும் நடக்கவில்லை. பிளந்தது பிளந்தபடி. அவர் தலையை அந்தப் பக்கம் ஆட்டினார், இந்தப் பக்கம் ஆட்டினார். ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்றார் வீரசேகரன், குரலில் ஒரு ஆறுதல், ஒரு சின்னப் பெருமைகூட. "நல்லாத்தான் இருக்கு. நீ இல்லாதப்ப மொதல்ல என்னையக் கண்டாலே படக்கு படக்குனு மூடிக்கிச்சு. நாள்பூரா நான் இங்கதான் ஒக்காந்திருந்தேன், பாட்டுகூடப் போட்டுவிட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மூடுறத விட்டிருச்சு. இப்ப நான் என்ன செஞ்சாலும் பேசாம இருக்கு. என்னோட பழகிருச்சு குணா."

"பழகல," என்றாள் அவள். குரல் அவளுடையதுபோல இல்லை, வறண்டு, பலகையில் தட்டினதுபோல வந்தது. ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்திருந்தாள். "அது உங்களோட பழகல. செத்துக்கிட்டிருந்துச்சு. நீங்க பாட்டுப் போட்டுவிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தீங்க, அது செத்துக்கிட்டிருந்துச்சு." அவர் குனிந்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தார். விளக்கு அவர் காதோரம் பளீரென்று அடித்தது. "என்னம்மா இப்புடி..." என்று ஆரம்பித்தார். "பேசாதீங்க. நான் பேசிக்கிறேன். நானும் உங்களோட பழகிட்டேன்னுதான நெனச்சுக்கிட்டிருக்கீங்க? சண்ட போடமாட்டா, சரிங்கன்னுவான்னு ஒங்க அக்காகிட்ட சொல்றீங்க. பழகலங்க. எனக்கு எதுவுமே பழகல. கருப்பட்டி பழகல, நீச்சல நிறுத்துனது பழகல, நீங்க சொன்ன எதுக்கும் நான் வாயத் தெறக்காததுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். "நகருங்க," என்றாள். நகர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி அவர் நகர்ந்தது இதுதான் முதல்தரம் என்று ஓர் எண்ணம் குறுக்கே ஓடிற்று, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள நேரமில்லை. தண்ணிக்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பு. பாறையைத் தடவிக்கொண்டு விரல் இறங்கிற்று. ஓட்டின் சொரசொரப்பு, அதன் விளிம்பு, அதற்கும் உள்ளே, சுருண்டுபோன அந்த உதடு. தொட்டாள். வழவழவென்று, தொய்ந்து, ஒன்றுமில்லாமல். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் தொட்டாள், கொஞ்சம் அழுத்தி, இருக்கியாடி, இருக்கியா என்று. ஓடு நகர்ந்தது. படார் இல்லை. துருப்பிடித்த கீல் மாதிரி மெல்ல, வலித்து வலித்து, பாதிதான் மூடியது. ஆனால் அவள் விரல் நுனியைப் பிடித்து நிறுத்தி, போதும் வெளியே போ என்கிற அளவுக்கு மூடியது. குணவதிக்குக் கண்ணில் தண்ணி கொட்டியது, ஈரமில்லாத கையால் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கா?" என்று கேட்டார் அவர், பின்னாலிருந்து, ரொம்ப மெதுவாக.

"இருக்கு."

ஜமாலுதீன் வருவதற்குள் சிப்பியைப் பாறையிலிருந்து எடுத்து வைத்தால் நல்லது. இழுத்தால் அடிச்சதை கிழிந்து செத்துப்போகும், பாறையைப் பிடித்துக்கொள்ள அது விட்டிருக்கிற நூலை மட்டும் பிளேடால் ஒவ்வொன்றாக அறுக்கவேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் அறுக்க என்று அவன் சொல்லியிருந்தான். வீரசேகரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நான் புடிச்சுக்கிறேன் குணா," என்றார், வழக்கம்போல அவள் சொல்வதற்கு முன்னாலேயே தண்ணிக்கு மேலே கை வந்துவிட்டது.

"வேணாம்," என்றாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதை எடுத்துக்கொண்டார். "அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் கேட்காத கேள்வி அது. "ஒண்ணும் செய்யாதீங்க," என்றாள். "அங்க போயி ஒக்காந்து, ஒண்ணுமே செய்யாம இருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். அவள் பிளேடை எடுத்துக்கொண்டு, தனியாகவே, முதல் நூலை அறுக்க ஆரம்பித்தாள்.